மல்யுத்த வீரர் தாராசிங்கை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாட்டுங்கா:

இங்கே தம்பிகள் எல்லாரும் டிவி மல்யுத்தத்தில் வரும் அண்டர்டேக்கர், ராக், ஜான் சீனா என்று பேசித் தீர்க்கிறீர்கள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் காலத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1960களில் பம்பாயில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே பேச்சுதான். ஒர்லி வல்லபாய் படேல் ஸ்டேடியத்தில் தாராசிங் அடுத்து யாரோடு மோதுகிறார்? அப்பா மில் தொழிலாளி. சினிமாவுக்குக் காசு கேட்டால் முறைப்பார். மல்யுத்தம் என்றால் மட்டும் எங்கிருந்தோ டிக்கெட் வந்துவிடும், கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கடைசி வரிசை. அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும். 125 கிலோ ஆள் மேடையில் விழும்போது பலகை அதிர்ந்து வருகிற அந்தச் சத்தம், நம் நெஞ்சுக்குள்ளேயே யாரோ குத்தியது மாதிரி இருக்கும். கிங்காங் என்ற பெயரில் ஆடிய மல்யுத்தக்காரரைத் தாராசிங் தோளுக்கு மேல் தூக்கிச் சுழற்றியதை நான் பார்த்தேன் என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். கிங்காங் 200 கிலோவை ஒட்டியவர், அதனால் அவன் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஒருமுறை போட்டி முடிந்து அவர் வெளியே வரும் வழியில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் மாட்டிக்கொண்டேன். கைக்கெட்டும் தூரம். நான் பார்த்தது அவர் புஜத்தை இல்லை, காதை. மடல் மடிந்து, தடித்து, துவாரம் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. "அப்பா, அவர் காதுக்கு என்ன ஆச்சு?" என்று தமிழில் கத்திவிட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார். தாராசிங்குக்குத் தமிழ் புரிந்திருக்காது, ஆனால் நான் எதைக் காட்டினேன் என்பது புரிந்துவிட்டது. தன் காதை ஒரு விரலால் தட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் சந்திப்பு. வேறு யாரிடமாவது இதைவிடப் பெரிய கதை இருந்தால் எழுதுங்கள்.

கேலாங்:

ஐயா, நான் சிங்கப்பூர். தாராசிங் உங்களுக்கு வருவதற்கு முன்பே எங்களுடையவர்! பஞ்சாபில் தர்மூசக் என்ற கிராமத்திலிருந்து கிளம்பி, 1940களின் கடைசியில் இங்கேதான் வந்து இறங்கினார். பகலில் பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை, மற்ற நேரத்தில் பயிற்சி. இங்குள்ள கிரேட் வோர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங்கிடம்தான் இந்த மேடை மல்யுத்தத்தைக் கற்றுக்கொண்டார். அப்புறம் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலாயா சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகுதான் இந்தியா.

நான் தாராசிங்கைப் பார்த்ததில்லை, என் மாமா பார்த்திருக்கிறார். நான் பார்த்தது கிங்காங்கை. நிஜப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். சிங்கப்பூரிலேயே குடியிருந்தார். ஹேப்பி வோர்ல்டு அரங்கில் அவர் மேடை ஏறினால் மொத்தக் கூட்டமும் கூச்சல் போட்டுத் திட்டும். அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்! எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒருநாள் காரிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். முதலில் ஒரு கால் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் கார் கூரையைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்தார், கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. நாங்கள் அரங்கத்துப் பழக்கத்தில் "ஊ" என்று கத்தினோம். அவர் பதிலுக்கு உறுமிக் காட்டினார். அடுத்த நொடியே, பள்ளிக்கூடம் போகாமல் இங்கே என்ன வேலை என்று மலாயில் அதட்டினார்.

1970இல் ஒரு கார் விபத்தில் காயப்பட்டு, சிங்கப்பூரில் இறந்துபோனார். அவர் மேடை ஏறும்போதெல்லாம் திட்டிய என் மாமா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

நெல்லை:

அண்ணே, ஒரு சந்தேகம். யாரும் கோபப்படக்கூடாது. எல்லாமே முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்தானே? தாராசிங் 500 போட்டியில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்கிறார்கள். எந்த விளையாட்டில் அப்படி நடக்கும்?

வாபி:

மேலே கேட்டவருக்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தது வேறு தாராசிங்.

1987. நான் வாபியில் ரசாயனத் தொழிற்சாலையில் இருந்தேன். ராமாயணத் தொடரின் படப்பிடிப்பு பக்கத்தில் உமர்காவில் நடந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் உள்ளே போனோம். அனுமார் வேடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்போது வயது 60ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒட்டிய வாய்ப்பகுதியை எடுக்காமல் எதையும் மெல்ல முடியாது, எடுத்தால் மறுபடி ஒட்ட நேரமாகும். அதனால் ஸ்ட்ரா போட்டு ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த ஒரு வயதான அம்மாள் சட்டென்று அவர் காலில் விழப் போய்விட்டார். மனிதர் பதறி எழுந்து, வாலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த அம்மாளைத் தூக்கி நிறுத்தி, தானே குனிந்து கும்பிட்டார். கூச்சப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு. மக்கள் இவரைச் சாமியாகவே பார்க்கிறார்கள், இவர் என்ன செய்வார் பாவம்.

சில வருடங்கள் கழித்து இன்னொரு தொடரில் அவர் மகன் விந்துவும் அனுமாராக வந்தார். நன்றாகத்தான் செய்தார். ஆனால் என் மனைவி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

டில்லி:

2003இலிருந்து 2009 வரை தாராசிங் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். வேலை விஷயமாக நான் நாடாளுமன்ற வளாகத்துக்குப் போகிறவன். காவலர்கள் வேறு யாருக்கும் காட்டாத சிரிப்பை இவருக்குக் காட்டுவார்கள், அவரும் நின்று கைகொடுத்துவிட்டுத்தான் போவார். நானும் கை நீட்டினேன். இறுக்கிப் பிடிப்பார் என்று பயந்தேன், மெதுவாகத்தான் பிடித்தார். வேறு கதை என்னிடம் இல்லை.

ஜலந்தர்:

நெல்லைக்காரரே, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான் ரிங்கில் ஏறி விழுந்தவன். ஜலந்தரில், அமெரிக்க WWE மேடையில் ஆடிய கிரேட் காலி நடத்தும் அகாடமியில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தேன். சாம்பியன் கனவெல்லாம் முழங்காலோடு போய்விட்டது, அது இருக்கட்டும்.

முடிவு பேசி வைத்ததா? ஆமாம். யார் ஜெயிப்பார் என்பது தெரிந்துதான் ஏறுவோம். ஆனால் விழுவதைப் பேசி வைக்க முடியாது. முதல் நாளிலிருந்து வாரக்கணக்கில் நான் கற்றது பம்ப் எடுப்பது ஒன்றுதான், அதாவது விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும். முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும். அதே நொடியில் இரண்டு கையையும் விரித்து உள்ளங்கையால் அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. கீழே இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, ஒரு மெல்லிய ஃபோம், அதன் மேல் கேன்வாஸ். மெத்தை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் வாரம் நான் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன்.

மாட்டுங்கா ஐயா சொன்ன காதும் அப்படித்தான். மறுபடி மறுபடி உரசி அடிபட்டு, மடலுக்குள் ரத்தம் கட்டி, அது அப்படியே இறுகிப்போகும். மேக்கப்பில் வராது. மண்ணில் புரண்ட நிஜக் குஸ்தியில் வருவது அது.

காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிவியில் அவரைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அக்ரோமெகாலி என்ற ஹார்மோன் கோளாறு அவருக்கு, 2012இல் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுக்க அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் எழுவார். அந்த உடம்போடு 2007இல் WWEயின் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தார் என்பதை நினைத்தால் கேலி செய்ய மனம் வராது.

மாட்டுங்கா:

தம்பி ஜலந்தர், நன்றாகச் சொன்னீர்கள். நெல்லைக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். 1968இல் பம்பாயில் அமெரிக்க மல்யுத்தக்காரர் லூ தெஸை ஜெயித்துத்தான் தாராசிங் உலக சாம்பியன் ஆனார். தெஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை, நிஜமாகவே எலும்பை முறிக்கத் தெரிந்தவர். அப்போது அவருக்கு 52 வயது, இவருக்கு 39. தாராசிங் அசல் மல்யுத்தக்காரர், அவரிடம் தோற்பதில் தனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்ற பொருளில் தெஸ் பின்னாளில் எழுதினார். அதைப் படித்தால் ஆட்டம் எப்படி என்பதும் புரியும், ஆள் எப்படி என்பதும் புரியும். அந்த 500 கணக்கை நானும் நம்பவில்லை, அது சுவரொட்டிக்காரன் போட்ட கணக்கு.

சரி, கிங்காங்கைத் தூக்கியது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

ஜலந்தர்:

தூக்கப்படுகிறவரும் சேர்ந்து எம்ப வேண்டும் ஐயா, அதுதான் ரகசியம். ஆனால் 200 கிலோ ஆள் எவ்வளவு எம்பிவிட முடியும்? தோளுக்கு வந்த பிறகு பாரம் முழுக்கத் தூக்கியவர் மேல்தான். பேரனை என்னிடம் அனுப்புங்கள், 80 கிலோவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றச் சொல்கிறேன்.

மாட்டுங்கா:

அனுப்புகிறேன். அதுவரை இன்னொரு கேள்வி. தாராசிங்கின் தம்பி ரந்தாவாவும் மல்யுத்தம்தான், சினிமாவிலும் நடித்தவர். அவரை யாருமே பேசுவதில்லை. மேடையில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?