பொய்யோ வதந்தியோ எதிரே வந்த அந்த நொடியில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அமெரிக்க அதிபர் தேர்தல் நாள்களில் நேர்ந்தவை

பனிக்காலம்08:

2008 அக்டோபர் 10, மினசோட்டாவின் லேக்வில். அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்பதால் பின்னணியை விரிவாகச் சொல்லவில்லை. குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னின் பிரசாரக் கூட்டம் நடந்த அந்த அரங்கத்தில் நான் இருந்தேன். லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தில் நல்ல பங்கு கரைந்திருந்தது, மெக்கெய்னுக்கே வாக்கு என்று முடிவு செய்திருந்தேன். சிவப்புச் சட்டை அணிந்த மூதாட்டி ஒருவர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் அரேபியர் என்று சொன்னபோது, மெக்கெய்ன் தலையை ஆட்டியபடி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்நாட்டுக் குடிமகன், அடிப்படையான சில விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்ற பொருளில் பதில் சொன்னார்.

உலகம் முழுவதும் ஓடியது அந்தப் பகுதி. என்னை உறுத்துவது வேறு. அதே கூட்டத்தில், ஒபாமா அதிபராக வந்துவிடுவாரோ என்று பயமாக இருப்பதாக இன்னொருவர் சொன்னதற்கு, பயப்பட வேண்டிய ஆள் அல்லர் அவர் என்று மெக்கெய்ன் சொன்னதும் கூட்டம் 'ஊ' என்று கூவியது. அந்தக் கூவலில் என் குரலும் இருந்தது. எதிராளி பயங்கரமானவர் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை, என் வேட்பாளர் அப்படிச் சொன்னால் வெற்றி கிடைக்குமே என்றுதான் கூவினேன். மேடையிலிருந்து அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை 17 ஆண்டுகளாகியும் என்னை விட்டுப் போகவில்லை.

சஸ்குவஹன்னா:

2020, பென்சில்வேனியா, சிறிய கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) ஒன்றில் அஞ்சல் வாக்குகளைப் பிரிக்கும் மேசை. எங்கள் மாநிலச் சட்டப்படி தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஓர் உறையைக்கூடத் திறக்க முடியாது என்பதும், அதனால்தான் அஞ்சல் வாக்குகள் எண்ணிச் சேரும் முன் முதல் இரவில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் பெரிய வித்தியாசத்தில் முன்னணியில் இருந்து, பிறகு அந்த முன்னணி கரைந்து, முடிவில் ஜனநாயகக் கட்சியின் பைடன் 80,555 வாக்குகளில் வென்றார் என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. வெளி உறைக்குள் இன்னோர் உள்ளுறை இருக்க வேண்டும். உள்ளுறை இல்லாமல் வரும் சீட்டை 'அம்மண வாக்கு' என்போம், அது செல்லாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

எனக்கு ஆறடி தள்ளிக் குடியரசுக் கட்சிப் பார்வையாளராக ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். கையில் பச்சை அட்டை போட்ட குறிப்பேடு. நான் ஓர் உறையைத் தள்ளுபடித் தட்டில் வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போடுவார், நான்கு கோடு சேர்ந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். இரவு வேலை முடிந்ததும் அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒப்பிட்டோம். இரண்டும் 41. அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. வாகன நிறுத்துமிடத்தின் குளிரில், என் ஃபிளாஸ்கிலிருந்து ஏலக்காய்த் தேநீரை இரண்டு காகிதக் கோப்பைகளில் ஊற்றி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, தள்ளி நின்றே குடித்தோம்.

நான்காம் நாள் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில், எங்கள் பார்வையாளர்களை உள்ளே விடவே இல்லை, இருட்டில் எண்ணிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதில் எழுதத் தொடங்கினேன்: நீங்கள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்களே, 41 கோடுகள் போட்டீர்களே. அனுப்பவில்லை. எங்கள் மாநிலத்தின் பெருநகரான பிலடெல்பியாவைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்வையாளர்களை விடவில்லை என்று டிரம்ப் தரப்பு போட்ட பிலடெல்பியா வழக்கிலும், உங்கள் ஆட்கள் உள்ளே இருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டதற்கு, 'பூஜ்யம் அல்லாத எண்ணிக்கையில்' இருக்கிறார்கள் என்று டிரம்ப் தரப்பு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

டியர்பார்ன்வாசி:

பனிக்காலம் ஐயா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் மெக்கெய்னின் அந்தப் பதிலை இப்படி மாலை போட்டு வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'அவர் அரேபியர்' என்றதற்கு 'இல்லை அம்மா, கண்ணியமான குடும்பஸ்தர்' என்று பதில் வந்தால், அரேபியர் கண்ணியமான குடும்பஸ்தராக இருக்க முடியாது என்றல்லவா கேட்பவர் காதில் விழும்? மிச்சிகனின் டியர்பார்னில் என் தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு அரபு வீடு. அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டே அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம், பார்த்தீர்களா, நல்ல பதில் சொன்னாரே என்றேன். அவர் மகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்து, குடியரசுக் கட்சிக்காரரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான காலின் பவல் தொலைக்காட்சியில் சரியான பதிலைச் சொன்னார். ஒபாமா முஸ்லிம் அல்லர் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்படியே முஸ்லிமாக இருந்தால்தான் என்ன, இந்த நாட்டில் அதில் என்ன தவறு என்று கேட்டார். ஈராக்கில் இறந்த 20 வயது முஸ்லிம் வீரர் ஒருவரின் ஆர்லிங்டன் ராணுவ மயானக் கல்லறையில் தாய் தலை சாய்த்திருக்கும் புகைப்படத்தைப் பற்றியும் பேசினார். உண்மையைச் சொல்வது வேறு, பொய்யின் ஒரு பாதியை மட்டும் மறுப்பது வேறு.

பனிக்காலம்08:

நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பவலுக்கு யோசிக்க ஒன்பது நாள் இருந்தது, மெக்கெய்னுக்கு இரண்டு நொடி, அதுவும் தனக்கு வாக்களிக்க வந்தவர்கள் முகத்துக்கு நேரே. நான் அவரைப் பற்றி எழுதவில்லை, என்னைப் பற்றி எழுதினேன்.

இரவுப்பணி:

இதுவரை சொல்லப்பட்ட பொய்கள் எல்லாம் ஒரே பக்கத்துப் பொய்களாக இருப்பதால் இதை எழுதுகிறேன். 2024 ஜூன் மாதம், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் அருகே ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். திண்ணையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பைடனுக்கு உடம்பு தாங்குமா, உண்மையைச் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டார். தாராளமாகத் தாங்கும் ஐயா, வெட்டி ஒட்டிய காணொளிகளை நம்பாதீர்கள் என்றேன். வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளரும் அப்போது அவற்றை 'மலிவான போலிகள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், எங்களுக்கும் அந்தச் சொல் வசதியாக இருந்தது. பெரியவர் ஒரு காயின் நாரை நிதானமாக உரித்து எடுத்துக் காட்டி, என் மனைவியை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன், இந்த நடை எனக்குத் தெரியும் என்றார். நான் துண்டறிக்கையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஜூன் 27 அன்று டிரம்புடனான அட்லாண்டா விவாதத்தில், பேச்சு எங்கோ சிக்கி, கடைசியில் 'மெடிகேரைத் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தோற்கடித்தோம்' என்று பைடன் சொல்லி நின்றபோது, எனக்குத் திரையில் தெரிந்தது அந்த நார்தான். ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். அதற்குள் நான் மூன்று வார இறுதிகள் அந்தத் தெருவைத் தவிர்த்துவிட்டு வேறு பகுதி கேட்டு வாங்கியிருந்தேன். இதில் என் கணக்கு எளிது: எனக்குச் சந்தேகம் இருந்தது, இல்லை என்று சொன்னேன்.

பழைய கணக்காளர்:

என் கதை சிறியது. 2020 நன்றியறிதல் நாள் விருந்தில் மைத்துனர் ஜார்ஜியா மாநிலத்தில் வாக்கெல்லாம் திருட்டு என்றார், நான் கத்தினேன், வான்கோழி ஆறிப்போனது, அதன்பின் அவர் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை.

ஆனால் உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். சஸ்குவஹன்னா சகோதரி, நீங்கள் அந்த அம்மையாருக்கு அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும், பொதுவில் இல்லாவிட்டாலும் தனிச்செய்தியிலாவது எழுதியிருக்க வேண்டும். எழுதும்போது சட்டத்திலிருந்து தொடங்கக் கூடாது, அவர் கண்ணால் கண்டதிலிருந்து தொடங்க வேண்டும். ஜார்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் மறுபடி எண்ணினார்கள், பிறகு இயந்திரத்திலும் மறுபடி எண்ணினார்கள், பைடனின் வித்தியாசம் கடைசியில் 11,779 என்று நின்றது, அதைச் சான்றளித்த, தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கே வாக்களித்தவர். 2021 ஜனவரி 2 அன்று அதிபரே தொலைபேசியில் 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டபோதும் அவர் அசையவில்லை. ஒருவருக்கு ஒன்றைப் புரிய வைக்க அவர் கட்சிக்காரரின் சொல்லையே எடுத்துக்காட்டுங்கள், நம் கட்சிக்காரரின் சொல்லை வைத்து வாதாடினால் காது அடைத்துவிடும். இரவுப்பணித் தம்பி, நீங்கள் அந்தப் பெரியவர் வீட்டுக்குத் திரும்பப் போய் மன்னிப்புக் கேளுங்கள், போகும்போது பொட்டலம் ஏதாவது கொண்டு போங்கள். டியர்பார்ன் நண்பர், 17 ஆண்டு பழைய இரண்டு நொடியை இப்படித் தோண்ட வேண்டாம். எல்லோரும் அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்குப் பெயர் கொடுங்கள், உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வதந்தி ஒட்டாது.

டியர்பார்ன்வாசி:

ஐயா, உள்ளே உட்கார்ந்து 41 கோடு போட்டவருக்கே ஒட்டியிருக்கிறதே. சகோதரியின் பதிவை முழுவதும் படித்தீர்களா? மைத்துனர் வீட்டுக்குப் பொட்டலம் போயிற்றா என்பதையும் தெரிவியுங்கள்.

இரவுப்பணி:

சஸ்குவஹன்னா அக்கா, அந்த அம்மையாரைப் பிறகு பார்த்தீர்களா? நான் அந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை, அதனால் கேட்கிறேன்.

சஸ்குவஹன்னா:

பார்த்தேன். 2024 நவம்பரில் அதே கட்டடம், அதே மேசை, சட்டமும் மாறவில்லை, காலை 7 மணிக்குத்தான் முதல் உறையைப் பிரித்தோம். அவர் முன்னதாகவே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரன் பிறந்திருப்பதாகச் சொல்லிப் படம் காட்டினார். அன்று இரவும் எண்ணிக்கையை ஒப்பிட்டோம், ஒரு கோடுகூடப் பிசகவில்லை. மாநிலத்தில் டிரம்ப் 1,20,000 வாக்குகளுக்குச் சற்று மேல் வித்தியாசத்தில் வென்றார், அந்த முறை யாரும் இருட்டு என்று எழுதவில்லை.

அன்றிரவு வெளியே வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை எவ்வளவு ஒழுங்காக நடத்திவிட்டீர்கள் என்றார், மனதாரத்தான் சொன்னார். கக்கத்தில் இருந்தது அதே பச்சை அட்டைக் குறிப்பேடு. போன முறை எண்ணிய பக்கம் அதில் இன்னும் இருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.