சித்தியின் பின்னப் பாடம்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

சித்தி: பின்னங்களின் வகுத்தல் பாடத்தை வலையேற்றிவிட்டேன். 42 நிமிட வீடியோ. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பத்தாவது நிமிடத்திலேயே போய்விடுகிறார்கள். மனசே சரியில்லை. பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

கவின்: முழுதும் பார்த்தேன் சித்தி. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. முடித்த பிறகு நானே ஒரு கணக்கைப் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

பெரியப்பா: இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொறுமை போதாது.

வாணி: பொறுமையைக் குறை சொல்ல முடியாது பெரியப்பா. புதிதாகக் கேட்பதில் ஒரே நேரத்தில் மூளை கையில் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம்தான். 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏழு விஷயம், அதற்கு இரண்டு கூட அல்லது குறைய என்றார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நாலு அளவுக்குக் குறைத்துவிட்டார். சித்தியின் மூன்றாவது ஸ்லைடில் மட்டும் தொகுதி, பகுதி, தகு பின்னம், தகா பின்னம், தலைகீழி என்று ஐந்து சொற்கள். வழிந்துவிடும்தானே?

சித்தி: அதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேனே வாணி.

வாணி: அங்கேதான் சித்தி இன்னொரு சிக்கல். திரையில் உள்ள அதே வரியை நீங்கள் வாசிக்கும்போது கண் முந்திக்கொண்டு ஓடுகிறது, காது பின்னால் வருகிறது. இரண்டையும் ஒட்ட வைப்பதிலேயே கவனம் செலவாகிறது. கற்றல் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். திரையில் படம் இருக்கட்டும், பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும்.

கவின்: நீளம்?

வாணி: 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் வீடியோக்கள் 69 லட்சம் தடவை பார்க்கப்பட்டதை எடுத்து ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீண்டாலும், பார்ப்பவர்கள் இருக்கும் இடைநிலை நேரம், அதாவது வரிசையின் நடுவில் இருப்பவர் பார்த்த நேரம், 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் நறுக்கிப் போட்டால் மட்டும் போதாது சித்தி. நடுநடுவே அவர்களையே யோசிக்க வைக்க வேண்டும்.

பெரியப்பா: திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் பதியாதா? நாங்கள் அப்படித்தானே படித்தோம்.

வாணி: 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சோதித்தார்கள் பெரியப்பா. ஒரே பத்தியை ஒரு கூட்டம் மறுபடி படித்தது. இன்னொரு கூட்டம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். கவினுக்கு நடந்ததும் இதுதான். பார்க்கும்போது புரிந்த மாதிரி இருப்பது வேறு, நினைவிலிருந்து எடுக்க முடிவது வேறு. எனக்கு இது தெரிந்த பிறகு கேள்வி இல்லாமல் ஒரு பாடம்கூட அமைக்க மனம் வரவில்லை.

சித்தி: சரி, இப்போதே ஒன்று பார்க்கலாம். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன். அரையைக் காலால் வகுத்தால் என்ன?

கவின்: அரைக்கால். 1/8.

பெரியப்பா: எனக்கும் அதுதான் தோன்றுகிறது. வகுத்தால் குறையத்தானே வேண்டும்?

சித்தி: ஒரு காகிதத்தைப் பாதியாகக் கிழியுங்கள். அந்தப் பாதிக்குள் எத்தனை கால் காகிதம் அடங்கும்?

பெரியப்பா: இரண்டு! அட, இத்தனை வருடம் தலைகீழாக்கிப் பெருக்கு என்று மனப்பாடமாகவே போட்டுக்கொண்டிருந்தேன்.

வாணி: இந்த 'அட'தான் சித்தி! நாம் எதிர்பார்த்தது பொய்க்கும்போது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் தங்கள் துடிப்பை மாற்றுகின்றன. மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பரிசு கொடுத்துப் பார்த்தது. விடையை முதலில் சொல்லியிருந்தால் பெரியப்பா தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

சித்தி: அந்தக் காகிதம் என் வீடியோவில் 31ஆவது நிமிடத்தில் வருகிறது வாணி. அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதையே முதல் நிமிடத்துக்குக் கொண்டு வருகிறேன். தலைகீழி என்ற சொல் அடுத்த வீடியோவுக்குப் போகட்டும்.

வாணி: அப்புறம், மூன்று நாள் கழித்து அதே மாதிரி ஒரு கேள்வியை அனுப்பிவிடுங்கள். மறக்கத் தொடங்கும் நேரத்தில் தேடி எடுத்தால் நன்றாக நிலைக்கும்.

சித்தி: கவின், வியாழக்கிழமை முக்காலை அரைக்காலால் வகுக்கச் சொல்லிக் கேட்பேன். இப்போது பதில் போடாதே.

பெரியப்பா: என்னையும் கேள். காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன்.