கோடையில் கிராப்பி மீன்: மூழ்கிய மரமா, பாலத்தூணா?

ஏரிக்கரை: டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் ஜூலையில் மூன்று சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பினேன். வெயிலுக்குப் பயந்து கிராப்பி ஆழத்துக்குப் போயிருக்கும் என்று, 30 அடியில் கிடக்கும் மரக்குவியலின் அடிவரை ஜிக்கை (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) இறக்கினேன். ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. ஆனாலும் பகலில் மரக்குவியலை விட்டால் வேறு இடம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், சரியா?

பழைய தூண்டில்: இடம் சரி, ஆழம்தான் தப்பு. கோடையில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று ஏரி இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டும் கலக்காததால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் அங்கே தங்காது. சோனாரின் (ஒலியலையால் நீரடியைக் காட்டும் கருவி) உணர்திறனைக் கூட்டுங்கள். அந்த எல்லை மங்கலான பட்டையாகத் தெரியும். எனக்குப் போன வாரம் 20 அடியில் தெரிந்தது. 30 அடியில் தரையோடு படுத்திருக்கும் குவியலில் மீன் எப்படி இருக்கும்? உச்சி 12, 15 அடி வரை நீட்டிக்கொண்டிருக்கும் பட்டமரத்தைத் தேடுங்கள். இரையை மீனுக்கு ஓரடி மேலேயே நிறுத்துங்கள். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்துத்தான் இரை எடுக்கும், கீழே போனதைத் தேடி வராது.

பாலத்தடி: இவ்வளவு கணக்கு எதற்கு? பாலத்தூண் தரையிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே வரை நிற்கிறது. மீன் எந்த ஆழத்தில் இருந்தாலும் தூணை ஒட்டித்தான் இருக்கும், நிழலும் உண்டு. 154ஆம் எண் சாலைப் பாலத்தடியில் இரவு பச்சை விளக்கை இறக்குங்கள். வெளிச்சத்துக்கு நுண்ணுயிர் கூடும், அதைத் தின்ன ஷாட் என்ற இரைமீனின் குஞ்சுகள் வரும், அப்புறம் கிராப்பி. மரத்தில் பாதி நேரம் தூண்டில் நரம்பு சிக்கி ஜிக்கை அறுத்துவிடுவதுதான் வேலை.

பழைய தூண்டில்: இரவில் பாலம் நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது பகலுக்கு. பகலில் படகுப் போக்குவரத்து அதிகம், என் அனுபவத்தில் தூணில் சின்ன மீன்தான். சிக்காமல் இருக்க ஜிக்கை நேர்கீழாக இறக்குங்கள், வீசி இழுக்காதீர்கள். கொத்தியதும் வெட்டி இழுக்கவும் வேண்டாம். கிராப்பிக்குக் காகிதம் போன்ற வாய், கிழிந்துவிடும்.

பாலத்தடி: சின்ன மீன் வந்தால் விட்டுவிட்டுப் போகலாமே!

பழைய தூண்டில்: இங்கேதான் எனக்கு வருத்தம். ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றினால் காற்றுப்பை உப்பிவிடும். விட்ட மீன் மேலேயே மிதந்து சாவதைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய, அளவு பார்க்காமல் முதலில் பிடித்த 25 கிராப்பியையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியே இதற்காகத்தான். கோடையிலோ 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டே ஆக வேண்டும். அதனால் தொடர்ந்து இரண்டு மூன்று குட்டி வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

பாலத்தடி: சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விளக்கடியில் மீன் பெரும்பாலும் 10 அடிக்கு மேலேதான் நிற்கும், அவ்வளவு பாதிப்பு வராது. இரவு விஷயத்தில் நான் மாறமாட்டேன்.

ஏரிக்கரை: இருவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை விடியற்காலை 14 அடியில் நிறுத்திப் பார்க்கிறேன். பத்து மணி வரை ஒன்றும் கொத்தாவிட்டால், அன்று இரவே பச்சை விளக்கோடு பாலத்துக்கு வருகிறேன்.