அறுபதாம் கல்யாண டூர் 🚢 (குழு உரையாடல்)

செல்வி சித்தி: மீனா, கார்த்தி ரெண்டு பேரும் இருக்கீங்களா? அத்தான் கப்பலே வேணாம்னு சொல்றார். கோட்டு சூட்டு போடலைன்னா சோறு போட மாட்டாங்களாம். யாரோ சொல்லியிருக்காங்க.

பெரியப்பா: யாரோ இல்ல. படிச்சேன். ராத்திரி சாப்பாட்டுக்கு டை கட்டணும்னு போட்டிருக்கான்.

கார்த்தி: பெரியப்பா, அது எந்தக் கப்பல்ங்கிறதைப் பொறுத்தது. மீனா அக்கா சொல்ற குயின் மேரி 2ல அப்படி ரெண்டு ராத்திரி உண்டு. நான் சொல்ற கார்னிவல் ஜூபிலில கோட்டே தேவையில்லை. நார்வீஜியன் கம்பெனிக் கப்பல்கள்ல ஃபார்மல் நைட்டுங்கிற பேச்சே கிடையாது. 2000ல ‘ஃப்ரீஸ்டைல்’னு ஆரம்பிச்சு, குறிச்ச நேரம், குறிச்ச மேஜை, குறிச்ச உடுப்பு மூணையும் எடுத்துட்டாங்க.

மீனா: பெரியப்பா, சோறு எல்லாக் கப்பல்லயும் போடுவாங்க 😄 எந்த ஹால்ல, என்ன சாப்பாடுங்கிறதுதான் உடுப்பைப் பொறுத்து மாறும். குயின் மேரி 2 விவரம் சொல்றேன்.

சவுதாம்ப்டன்ல ஏறி நியூயார்க் வரைக்கும் 7 ராத்திரி. அதுல வழக்கமா ரெண்டு ‘காலா’ ராத்திரி. ஆம்பளைங்களுக்கு டின்னர் ஜாக்கெட், இல்லன்னா டையோட டார்க் கலர் சூட். மத்த 5 ராத்திரி சாயங்காலம் 6 மணிக்கு மேல காலர் வெச்ச சட்டை, முழு பேண்ட், மூடின ஷூ போதும். கோட் போட்டா நல்லது.

காலா ராத்திரில டை வேணாம்னா மெயின் டைனிங் ரூமான பிரிட்டானியா ரெஸ்டாரண்ட்டுக்குள்ள போக முடியாது. ஏழாவது டெக்ல இருக்கற கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச், கசினோ, இதெல்லாம் திறந்துதான் இருக்கும்.

ஹரிணி: அப்போ கோட் போடாதவங்க எல்லாரும் கிங்ஸ் கோர்ட்லதான் கூட்டமா நிப்பாங்க

மீனா: அதேதான். காலா ராத்திரி 7லேருந்து 8 வரைக்கும் அங்க மேஜை பிடிக்கிறது சிரமம். 6 மணிக்கே போயிடணும், இல்ல எட்டரைக்கு மேல போகணும்.

ரகு மாமா: சமையல்கட்டுப் பக்கத்திலேருந்து ஒண்ணு சொல்றேன். ரெண்டு சிட்டிங், அதாவது ரெண்டு பந்தி, ஒரே மெனு, எல்லாருக்கும் பேர் எழுதின மேஜைன்னா செஃப்புக்கு எத்தனை தட்டுன்னு மதியமே தெரியும். ஆயிரம் தட்டு ஒரே நேரத்துல சூடா வெளிய போகும். டிரெஸ் கோடைத் தளர்த்தி, எப்ப வேணா எங்க வேணா சாப்பிடுங்கன்னு விட்டா எல்லாரும் 7 மணிக்கு ஒரே வாசல்ல நிப்பாங்க. பத்துப் பன்னெண்டு ரெஸ்டாரண்ட் கட்டினது, ஆப்ல புக் பண்ணச் சொல்றது, புக் பண்ணிட்டு வராதவங்ககிட்ட காசு பிடிக்கிறது எல்லாமே அந்தக் கூட்டத்தைப் பிரிக்கத்தான்.

கார்த்தி: உண்மை மாமா. நார்வீஜியன்ல ரெஸ்டாரண்ட் வாசல்ல ஸ்கிரீன் இருக்கும். எது காலி, எது நிரம்பியிருக்குன்னு காட்டும். புக்கிங் இல்லாம 7 மணிக்கு மெயின் டைனிங் ரூம் போனா காத்திருக்கச் சொல்லுவாங்க. ஆறேகாலுக்குப் போங்க, நேரா உட்கார வைப்பாங்க.

செல்வி சித்தி: அங்க லுங்கியோட போகலாமா? உங்க சித்தப்பா கேக்கறார் 🤦‍♀️

கார்த்தி: சித்தி 😂 லுங்கி ரூமுக்குள்ள மட்டும். நார்வீஜியன் பஃபேல ஷார்ட்ஸ் போகும், ஆனா ஈரமான நீச்சல் உடுப்போட, வெறுங்காலோட போகக் கூடாது. மெயின் டைனிங் ரூம்ல சில ஹால்ல ஷார்ட்ஸ் விடுவாங்க, சிலதுல விட மாட்டாங்க.

இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. டிரெஸ் கோடே இல்லாத கப்பல்னு நினைச்சு வெறும் ஷார்ட்ஸ், டி-ஷர்ட்டா அடுக்கிட்டு வந்துடுவாங்க. ஆனா காசு கொடுத்து சாப்பிடற லெ பிஸ்ட்ரோ மாதிரி பிரெஞ்சு ரெஸ்டாரண்ட்ல முழு பேண்ட், காலர் சட்டை கேப்பாங்க. பெரிய ஹால்ல தளர்த்தின கட்டுப்பாடு சின்ன ஹால்ல போய் உட்கார்ந்துக்கிட்டிருக்கு. அதுக்குன்னு ஒரு பேண்ட், ஒரு ஷூ பெட்டில இருக்கணும். அந்த ரெஸ்டாரண்ட்டுக்கெல்லாம் பில்லுக்கு மேல 20% சர்வீஸ் சார்ஜும் போடுவாங்க.

பெரியப்பா: காசும் குடுத்து பேண்ட்டும் போடணுமா

ரகு மாமா: அத்தான் பாயிண்ட்டைப் பிடிச்சுட்டார்

செல்வி சித்தி: கார்த்தி, கார்னிவல் சொல்லு. ஹூஸ்டன் பக்கம்தானே?

கார்த்தி: கால்வெஸ்டன் துறைமுகம் சித்தி, ஹூஸ்டன்லேருந்து கார்ல ஒரு மணி நேரம். ஜூபிலி 2023 டிசம்பர்லேருந்து அங்கதான் ஓடுது. 7 நாள்ல ரெண்டு ‘எலிகண்ட்’ ராத்திரி, மீதி 5 ‘கேஷுவல்’. எலிகண்ட்டுக்கு முழுக்கை சட்டை, பேண்ட் போதும், கோட் இஷ்டம். கேஷுவல் ராத்திரில கிழியாத ஜீன்ஸ், நல்ல ஷார்ட்ஸ் கூட மெயின் டைனிங் ரூம்ல போகும். ஜிம் ஷார்ட்ஸ், கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு கூடாது.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, சிங்கி இறால் எலிகண்ட் ராத்திரில, மெயின் டைனிங் ரூம்லதான் வரும். உடுப்பு மாத்தச் சோம்பல்பட்டு அன்னிக்கு பஃபேக்குப் போனா அது கிடைக்காது. சித்தப்பாவுக்குச் சொல்லிடுங்க.

ரெண்டாவது, “பேண்ட் போடலைன்னா என்ன, மேல போய் பர்கர் சாப்பிடலாம்”னு நினைக்க வேணாம். கைஸ் பர்கர் பெரும்பாலும் சாயங்காலம் 6 மணியோட மூடிடுவாங்க. மெக்ஸிகன் கவுண்ட்டர் மதியமே மூடிடும். ராத்திரி லேட்டா கிடைக்கிறது பீட்ஸாதான்.

பெரியம்மா: எங்களுக்குச் சிங்கியும் வேணாம் பர்கரும் வேணாம். சைவத்துக்கு என்ன இருக்கு?

கார்த்தி: பெரியம்மா, கார்னிவல்ல இந்தியன் வெஜிடேரியன் சாப்பாடு ராத்திரி கேட்டு வாங்கலாம். ஆனா மெயின் டைனிங் ரூம்ல மட்டும். முதல் நாளே அங்க இருக்கற மேட்ர டி, அதாவது ஹால் பொறுப்பாளர்கிட்ட “தினம் ராத்திரி ரெண்டு பேருக்கு இந்தியன் வெஜ்”னு சொல்லிடணும். அன்னன்னிக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டு கேட்டா லேட்டாகும். அதனால எலிகண்ட் ராத்திரின்னு பயந்து பஃபேக்குப் போனீங்கன்னா பருப்பும் சப்ஜியும் போச்சு. நம்ம ஆளுங்க உடுப்புக்காக ஹால் மாறினா முதல்ல இழக்கறது இதைத்தான்.

மீனா: நார்வீஜியன்ல பிரைமா, விவா மாதிரி புதுக் கப்பல்கள்ல இண்டல்ஜ்னு ஃபுட் ஹால் இருக்கு. அதுல தமரான்னு இந்தியன் கவுண்ட்டர். டிக்கெட்லயே அடக்கம். மேஜைல இருக்கற டேப்லெட்ல ஆர்டர் பண்ணா கொண்டு வந்து கொடுப்பாங்க. ஷார்ட்ஸ், சுரிதார், எதுவும் பிரச்சினை இல்ல.

பெரியம்மா: அதுவே நல்லா இருக்கே

மீனா: நல்லாத்தான் இருக்கும் பெரியம்மா. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த மாதிரிக் கப்பல்ல தினம் சாயங்காலம் ஆறு பேரும் “இன்னிக்கு எங்க”ன்னு பேசி முடிவு பண்ணணும். நானும் பையனும் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், நீங்க ரெண்டு பேரும் தமரால. குயின் மேரில அதே மேஜை, அதே வெயிட்டர், மூணாம் நாள்லேருந்து அவருக்கே தெரியும் உங்களுக்கு வெங்காயம் ஆகாதுன்னு. குடும்பமா போறதுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். டிரெஸ் கோடு அதுக்குக் குடுக்கற விலைன்னு வெச்சுக்கோங்க.

கார்த்தி: அக்கா கமிஷன் ஏஜென்ட் மாதிரி பேசறா 😄 ஒரே மெனு 7 நாளும் அலுக்கும்.

மீனா: மெனு தினம் மாறும்டா. மேஜைதான் மாறாது.

ஹரிணி: விர்ஜின் வாயேஜஸ்? அதுல டிரெஸ் கோடே இல்லியாமே

கார்த்தி: பஃபே, மெயின் டைனிங் ரூம் ரெண்டுமே கிடையாது. இருபதுக்கு மேல சாப்பாட்டு இடங்கள், எல்லாம் டிக்கெட்ல அடக்கம். ஒரு ராத்திரி மட்டும் சிவப்பு உடுப்பு போடச் சொல்லுவாங்க, அதுவும் கட்டாயம் இல்ல. ஆனா 18 வயசுக்குக் கீழ ஏத்த மாட்டாங்க. மீனா அக்கா பையனுக்கு அது நடக்காது.

ரகு மாமா: செலிப்ரிட்டிங்கிற கப்பல் கம்பெனி கூட 2015 கடைசில ஃபார்மல் நைட்டை எடுத்துட்டு ‘ஈவினிங் சிக்’னு ஆக்கிட்டான். கோட் கட்டாயம் இல்ல, ஆனா ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு அன்னிக்கும் சரி மத்த நாளும் சரி, ராத்திரி ரெஸ்டாரண்ட்ல கிடையாது. பேர்தான் மாறுது. வாசல்ல நிக்கிறவன் பாக்கறது எப்பவும் கால்ல என்ன இருக்குங்கிறதைத்தான்.

பெரியப்பா: சரி மீனா. நான் வேட்டி கட்டினா?

மீனா: பெரியப்பா, அதுக்கு வழி இருக்கு. குயின் மேரியை நடத்தற குனார்ட் கம்பெனில காலா ராத்திரிக்கு ஃபார்மல் நேஷனல் டிரெஸ் ஏத்துக்கறாங்க. ஆனா காட்டன் வேட்டி, அரைக்கை சட்டை கட்டிக்கிட்டுப் போனா வாசல்ல விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும். அகல ஜரிகை பட்டு வேட்டி, முழுக்கை பட்டுச் சட்டை, மேல அங்கவஸ்திரம். ஒட்டிக்கோ வேட்டியா எடுங்க, கப்பல் ஆடும்போது இடுப்புல கை வெச்சுக்கிட்டு படி ஏற முடியாது. கால்ல கட்டாயம் தோல் ஷூ, இல்ல மூடின தோல் செருப்பு.

எதுக்கும் நான் புக்கிங் நம்பரைப் போட்டு மெயில்ல கேட்டு பதில் வாங்கி வெச்சுடறேன். அந்தப் பதிலை போன்ல வெச்சுக்கிட்டா அங்க வாக்குவாதமே வராது. கழுத்து மூடின பந்த்கலா கோட் ஒண்ணு கையில இருந்தா இன்னும் நிம்மதி.

பெரியப்பா: பட்டு வேட்டி இருக்கு. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்ததே இருக்கு.

மீனா: அப்போ முடிஞ்சுது. பெரியம்மா, சித்திக்குப் பிரச்சினையே இல்ல. பட்டுப் புடவை எந்தக் கப்பல்லயும் எந்த ராத்திரியும் செல்லும். ஹால்ல ஏசி ஜாஸ்தி, ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

செல்வி சித்தி: புடவை மடிப்பு கலைஞ்சா அயர்ன் பாக்ஸ் கொண்டு வரலாமா?

மீனா: கூடாது சித்தி. அயர்ன் பாக்ஸ், ஸ்டீமர் எந்தக் கப்பல்லயும் ரூமுக்குக் கொண்டு போக விட மாட்டாங்க, நெருப்பு பயம். பெட்டி ஸ்கேன்லயே எடுத்து வெச்சுக்குவாங்க. அந்தப் பெட்டி ரூமுக்கு வரவும் லேட்டாகும். குயின் மேரில காசு இல்லாம துவைக்க, அயர்ன் பண்ண தனி ரூம் இருக்கு. காலா அன்னிக்கு மதியம் 4 மணிக்கு மேல அங்க வரிசை கட்டுவாங்க, அதனால காலைலயே முடிச்சுடுங்க. ராயல் கரீபியன்ல அந்த வசதி கிடையாது, காசு குடுத்து சலவைக்குப் போடணும்.

கார்த்தி: இன்னொண்ணு. ஏர்ற அன்னிக்குப் பெரிய பெட்டியை துறைமுகத்துலயே குடுத்துடுவோம். ரூமுக்கு வர ராத்திரி ஆகலாம். அதனாலதான் பொதுவா முதல் ராத்திரி ஃபார்மல் வெக்கறதில்ல. ஆனா ஷார்ட்ஸோட ஏறிட்டு, பெட்டி 8 மணிக்கு வந்தா, 6 மணி சிட்டிங்குக்கு மாத்த பேண்ட் இருக்காது. கைப்பைல ஒரு பேண்ட், ஒரு காலர் சட்டை, மாத்திரை, சார்ஜர். கடைசி ராத்திரியும் இதே கதை. பெட்டியை ராத்திரியே வராண்டால வெக்கச் சொல்லுவாங்க. மறுநாள் காலைல போட உடுப்பும் ஷூவும் வெளிய எடுத்து வெக்காம எல்லாத்தையும் பூட்டி அனுப்பிடுவாங்க சில பேர்.

ஹரிணி: பைஜாமால இறங்குவாங்களா 🤣

ரகு மாமா: அப்போ குயின் மேரில சிட்டிங் எது எடுக்கறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

மீனா: 6 மணி மாமா. இன்னொண்ணு எட்டரை. மேற்குப் பக்கம் போறப்ப கடிகாரத்தை 5 ராத்திரி ஒவ்வொரு மணி நேரமா பின்னாடி வெப்பாங்க. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி வித்தியாசம், அதைச் சரிக்கட்டத்தான். மாத்தின அன்னிக்கு கடிகாரத்துல எட்டரைன்னா வயித்துக்கு ஒன்பதரை. பெரியப்பா சுகர் மாத்திரைக்கு எட்டரை சரிவராது.

பெரியம்மா: 6 மணியே போடு.

செல்வி சித்தி: உங்க சித்தப்பா சூட் தைக்கணுமா?

மீனா: புதுசா வேணாம் சித்தி. கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்ட கருநீல சூட் பொருந்துதான்னு பாருங்க. வெள்ளைச் சட்டை 2, டை 1, கருப்பு ஷூ 1, கருப்பு சாக்ஸ் 2. மத்த 5 ராத்திரிக்கு காலர் சட்டை 3, பேண்ட் 2 போதும், நடுவுல துவைச்சுக்கலாம். சூட் பொருந்தலைன்னா ஒரு காலா ராத்திரி நாம ஆறு பேரும் கிங்ஸ் கோர்ட்ல சாப்பிடுவோம். அன்னிக்கு மட்டும் அஞ்சே முக்காலுக்குக் கிளம்பணும். வரலைன்னு வெயிட்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடுவோம், இல்லன்னா மேஜையைப் போட்டு வெச்சுக்கிட்டு காத்திருப்பார்.

*கார்த்தி இந்த மெசேஜை டெலீட் செய்தார்*

செல்வி சித்தி: கார்த்தி என்ன டெலீட் பண்ண

கார்த்தி: ஒண்ணுமில்ல சித்தி. நியூயார்க்ல வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்னு போட்டேன், லீவ் கேட்டுட்டு சொல்றேன். ஆனா விசா? அமெரிக்கா விசா, இங்கிலாந்து விசா ரெண்டும் வேணும். கப்பல்ல போறதால விலக்கு எதுவும் கிடையாது.

பெரியப்பா: அமெரிக்கா விசா எங்க நாலு பேருக்கும் இருக்கு. இங்கிலாந்துதான் போடணும்.

மீனா: அப்போ ஆறு பேர் மேஜை, 6 மணி சிட்டிங், ரெண்டு பேருக்கு வெங்காயம் பூண்டு இல்லாத சைவம்னு புக்கிங்லயே எழுதிடறேன். வெங்காயம் பூண்டு விஷயம் கப்பல்ல ஏறிச் சொன்னா நடக்காது, சாஸ் எல்லாம் முன்னாடியே செஞ்சு வெச்சிருப்பாங்க. நாலு பேர் பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இன்னிக்கு அனுப்புங்க. குரூப்ல போடாதீங்க, எனக்குத் தனியா.

பெரியப்பா: ஒட்டிக்கோ வேட்டில ஜரிகை வெச்சது எங்க கிடைக்கும்? கட்டற வேட்டிதான் வீட்ல இருக்கு.

ரகு மாமா: நான் டி.நகர்ல பாத்துட்டு போட்டோ போடறேன் அத்தான். இடுப்பளவு சொல்லுங்க.