புதுப்பிப்பு: மஞ்சள் கருவிலிருந்து எதிர்ப்பொருள் பிரித்தல்

கோழி முட்டையின் ஐஜிஒய் (IgY) எனும் எதிர்ப்பொருள் (நோயெதிர்ப்புப் புரதம்), எதிர்ப்பொருள்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் புரோட்டீன் ஏ, புரோட்டீன் ஜி எனும் பாக்டீரியப் புரதங்கள் இரண்டிலும் ஒட்டாது என்பதால், டர்பனிலுள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் அதை எவ்வாறு பிரிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நண்பர்கள் பரிந்துரைத்தபடி, ஆல்ஃப்ரெட் போல்சன் குழுவினர் 1980-இல் வெளியிட்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG, புரதங்களைக் கரைசலிலிருந்து படியவைக்கும் பொருள்) முறையையே பின்பற்றினோம். இவ்வளவு மலிவான வழி நம் கேப்டவுனில் உருவானது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

மஞ்சள் கருவை வடிதாளில் உருட்டி வெள்ளைக்கருவை நீக்கி, சவ்வைக் குத்தித் தாங்கல் கரைசலில் கலந்து, 3.5 சதவீத அளவில் பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்து மையவிலக்கியில் சுழற்றியதும் கொழுப்பு பிரிந்தது. தெளிந்த திரவத்தை வடிகட்டி, அதில் கிளைக்காலின் செறிவை 12 சதவீதமாக உயர்த்தியபோது எதிர்ப்பொருள் வெண்மையாகப் படிந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், ஏறத்தாழ 65 கிலோடால்டனில் (மூலக்கூறு எடை அலகு) எதிர்ப்பொருளின் கனச்சங்கிலி (அதன் பெரிய கூறு) தெரிகிறது. எனினும் இந்த எதிர்ப்பொருளில் நாங்கள் ஆராயும் புரதத்தைப் பற்றுவது ஒரு பகுதியே என்பதால், அப்புரதத்தையே பிணைத்த நிரலில் (பிரிப்புக் குழாயில்) அடுத்துத் தூய்மைப்படுத்தவிருக்கிறோம்.