ஞாபகம், கவனம் பற்றிய கேள்விகளைக் களப்பணியாளர்கள் கேட்காமல் தாண்டுகிறார்கள், என்ன செய்யலாம்?

உசிலைக்காரன்
உசிலம்பட்டி பக்கம் வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் களப்பணியாளர் குழுவை நான் கவனித்துக்கொள்கிறேன். ரத்தச்சோகை, மாதவிடாய், மனச்சோர்வு எல்லாம் கேட்கிறார்கள். சொன்னது ஞாபகம் நிற்கிறதா, கவனம் நிலைக்கிறதா என்ற பகுதி வந்தால் மட்டும் எல்லாருக்கும் சிரமம் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிடுகிறார்கள். பயிற்சி கொடுத்தும் அப்படியேதான். “பிள்ளையை மக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்” என்கிறார்கள்.

மேலூர் செவிலியர்
சார், கூச்சம் பாதிதான். ஒரு பையன் ‘ஆமா, சிரமம் இருக்கு’ என்று சொல்லிவிட்டால் அடுத்து அவனை எங்கே அனுப்புவது? ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கையில் இருக்கிறது, தைரியமாகக் கேட்கிறோம். இதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, படிவத்தில் இன்னொரு கட்டம்தான் கூடியிருக்கிறது. யாரிடம், என்றைக்கு அனுப்புவது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பயிற்சி அப்புறம்.

மனநல ஆலோசகர், மதுரை
செவிலியர் அக்கா சொல்வது சரி. வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 18 வயது வரை வளர்ச்சித் தாமதமும் கற்றல் குறைபாடும் அடக்கம், மேல் பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். ஆனால் நேராக அங்கே தள்ளிவிடாதீர்கள். கண், காது, தூக்கம், ரத்தச்சோகை, தைராய்டு இவற்றை முதலில் பார்க்க வேண்டும், மனச்சோர்விலும் கவனம் சிதறும், அதனால் அந்தக் கேள்விகளோடு சேர்த்தே இதையும் கேட்டால் தனியாக உறுத்தாது. மாற்றுத்திறன் பற்றிய கணக்கெடுப்புக்குக் கேள்விகள் வகுத்த சர்வதேச வாஷிங்டன் குழுவின் கேள்வி மாதிரி ‘சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே இல்லை’ என்று நாலு பதில் வையுங்கள். ‘ஆமா/இல்லை’ என்றால் எல்லாரும் ‘இல்லை’தான்.

சிறப்பாசிரியர்
அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். “ஞாபகம் இருக்கா” என்று கேட்பதைவிட “கடைக்கு அனுப்பினா நாலு சாமான் மறக்காம வாங்கிட்டு வருவியா, வாத்தியார் போர்டுல எழுதினதை முழுசா எழுத முடியுதா” என்று கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று சொல்கிறார்கள். களப்பணியாளர் எந்த நோயின் பெயரையும் படிவத்தில் எழுதக் கூடாது, அது மருத்துவர் வேலை. இன்னொன்று, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது, சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். இதைப் பணியாளர்களிடம் சொல்லிப் பாருங்கள், ‘மக்கு’ பட்டம் கட்டுகிறோம் என்ற பயம் பாதி போகும்.

உசிலைக்காரன்
நன்றி. தாளை இந்த வாரமே தயார் செய்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், 18 தாண்டியவர்களை?

மனநல ஆலோசகர், மதுரை
அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.க்கு அனுப்புங்கள். வர யோசித்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் தாளில் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.