34வது நாள், எச்.ஐ.வி ரிப்போர்ட் 0.18 நான்-ரியாக்டிவ்: இதோடு விடலாமா?

பெயர்வேண்டாம்_மதுரை:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். விவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆணுறை இல்லாமல் ஒரு பெண்ணோடு ஒரே ஒரு முறை உறவு. அவருக்கு எச்.ஐ.வி உண்டா இல்லையா என்று தெரியாது. இன்றோடு 34 நாள். 12ஆம் நாள் காய்ச்சல் 101, தொண்டை வலி, நெஞ்சில் சிவப்புத் தடிப்பு. மூன்று நாளில் போய்விட்டது. 28ஆம் நாள் தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட்டில் 'எச்.ஐ.வி 1 & 2, சி.எல்.ஐ.ஏ, 0.18, நான்-ரியாக்டிவ்' என்று இருக்கிறது, அதாவது தொற்று தென்படவில்லை. இப்போது நாக்கில் வெள்ளை படிகிறது, கழுத்தில் நெறி கட்டின மாதிரி இருக்கிறது. இந்த ரிசல்ட் இறுதியா? வைரஸின் மரபணுவையே தேடுகிற பி.சி.ஆர் டெஸ்ட் எடுக்கணுமா? காய்ச்சலுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ரிசல்ட்டை மாற்றியிருக்குமா? பெரியாஸ்பத்திரியில் எடுத்தால் விஷயம் வெளியே போகுமா?

லேப்மேசை:
முதலில் ரிப்போர்ட்டை எடுத்துத் திரும்பப் பாருங்கள். சி.எல்.ஐ.ஏ என்பது மெஷின் வேலை செய்யும் முறை, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது டெஸ்டின் பெயரில் 'ஏஜி/ஏபி காம்போ' என்றோ 'பி24' என்றோ இருக்கிறதா என்பது. இருந்தால் அது நான்காம் தலைமுறை டெஸ்ட்: நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியோடு வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும். இல்லாவிட்டால் லேபுக்கே போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

காம்போ என்றால் விண்டோ பீரியட், அதாவது தொற்று டெஸ்டில் தெரிய ஆகும் காலம், 45 நாள். 28இல் பெரும்பாலான தொற்று காட்டிவிடும், ஆனாலும் முடிவென்று எழுதிக்கொள்ள 45 ஆகணும். ஆன்டிபாடி மட்டும் பார்க்கிற கார்டு டெஸ்ட் என்றால் 90 நாள். நாள்கணக்கை உறவு நடந்த தேதியிலிருந்து எண்ணணும், காய்ச்சல் வந்த தேதியிலிருந்து அல்ல. இங்கேதான் நிறையப் பேர் தப்பு பண்ணுகிறார்கள்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒன்று. எச்.ஐ.வி முதல் காய்ச்சல் வருகிற நேரம் ரத்தத்தில் வைரஸ் கொட்டிக்கிடக்கிற நேரம், பி24ம் அப்போது ஏறித்தான் இருக்கும். உங்கள் காய்ச்சல் அதனால் வந்ததென்றால், 16 நாள் கழித்து எடுத்த காம்போ டெஸ்ட் 0.18இல் படுத்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு மூன்றும் டெங்குவிலும் வரும், சாதாரண வைரல் காய்ச்சலிலும் வரும். அறிகுறியை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

0.18 என்பது நோயின் அளவு கிடையாது. உங்கள் மாதிரியின் ஒளி அளவை கட்-ஆஃப் (எல்லை) அளவால் வகுத்து வருகிற எண். 1.00க்குக் கீழே எல்லாம் ஒன்றுதான். அடுத்த முறை 0.31 வந்தால் 'ஏறுதே' என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மெஷினுக்கு மெஷின், நாளுக்கு நாள் அது ஆடும்.

பி.சி.ஆர் தேவையில்லை. லேபில் போய்ப் பொதுவாகக் கேட்டால் வைரல் லோடை (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணுவது) எழுதிவிடுவார்கள். அது ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு '20க்குக் கீழ்' என்று வந்த தாளை வைத்து இன்னொரு குழப்பம்.

ஆன்டிபயாடிக், பாராசிட்டமால், சாராயம், சாப்பாடு எதுவும் ரிசல்ட்டை மாற்றாது. வெறும் வயிறு வேண்டாம். உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை எடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. மாத்திரை முடிந்த நாளிலிருந்து 45 எண்ணணும்.

வைகைத்தென்கரை:
தம்பி, பெரியாஸ்பத்திரி நடைமுறையை நான் சொல்கிறேன். 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும், ஐ.சி.டி.சி என்றும் சொல்வார்கள். டெஸ்ட் இலவசம். முதலில் கவுன்சலர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். எந்தத் தேதி, எந்த மாதிரி உறவு, ஆணுறை போட்டதா என்று கேட்பார். கூச்சப்பட்டுத் தேதியை மாற்றிச் சொல்லாதே, அதை வைத்துத்தான் திரும்ப எப்போது வரணும் என்று கணக்குப் போடுவார்கள். உன் சம்மதம் வாங்கிய பிறகே ரத்தம். கிட்டில் 20, 30 நிமிஷம். முதல் கிட் ரியாக்டிவ் வந்தால் அதுவே முடிவில்லை. வேறு இரண்டு வகைக் கிட்டில் திரும்பப் பார்த்துத்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். தனியார் லேபில் யாருக்காவது ரியாக்டிவ் வந்தாலும் நேராக இங்கே வந்து உறுதி செய்துகொள்ளணும். நம்பிக்கை மையத்தில் பெரும்பாலும் ஆன்டிபாடி கிட்டாக இருக்கும் என்பதால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள், பயந்துவிடாதே.

விஷயம் வெளியே போகுமா என்றால், 2017 எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் டெஸ்ட் பண்ணவோ உன் நிலையை இன்னொருவரிடம் சொல்லவோ கூடாது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் மையம் உண்டு. சொந்த ஊர்க்காரர் கண்ணில் படுவோம் என்ற பயம் இருந்தால் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போ, இன்ன ஊர்க்காரர்தான் வரணும் என்று இல்லை. தனியார் லேப் கவுண்ட்டரிலும் ரகசியம் கசியலாம்: வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வாட்ஸப்பில் வேறு யார் கைக்கோ போகும். போனில் கேட்க எச்.ஐ.வி உதவி எண் 1097, இலவசம்.

நாக்கு வெள்ளை: எச்.ஐ.வியில் வாயில் பூஞ்சை படர்வது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி நன்றாக இறங்கிய பிறகு, வருஷக்கணக்கில் கழித்து. 34 நாளில் நாக்கு வெளுப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். கழுத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்கிப் பார்த்தால் நெறி வலிக்காமல் என்ன செய்யும்? கையை எடு.

இன்னொன்றையும் மறக்காதே. எச்.ஐ.வி உள்ள பெண்ணோடு ஆண் ஒரு முறை உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 4 என்ற கணக்கு. மேகவெட்டையும் சிபிலிஸும் அதைவிட எளிதாகத் தொற்றும், அதை யாரும் கேட்பதில்லை. சிறுநீர் எரிச்சலோ சீழோ புண்ணோ இருந்தால் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டு. ஒன்றும் இல்லாவிட்டாலும் 45ஆம் நாள் ரத்தத்திலேயே வி.டி.ஆர்.எல் (சிபிலிஸ் டெஸ்ட்), ஹெபடைட்டிஸ் பி சேர்த்துப் பார்க்கச் சொல்; வி.டி.ஆர்.எல் 90இல் இன்னொரு தடவை. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்காதே. ரத்ததானம் பண்ணி அதில் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் போகிறார்கள், அதைப்போல் பாவம் வேறில்லை. நோயுள்ள ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று 2018இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது பார்த்தோம்.

இரவுப்பணி:
இவருக்கு நாள் கடந்துவிட்டது, பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்தால் பலன் உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். அரசு ஆஸ்பத்திரியில், வேலையின்போது தவறுதலாக ஊசி குத்துப்பட்ட ஊழியர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் கொடுப்பார்கள். மற்றவர்கள் டாக்டர் சீட்டோடு வெளியில் வாங்க நேரலாம். தொடங்கும்போதே எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்) பார்க்கணும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் 28 நாளில் சட்டென்று நிறுத்தினால் ஈரல் வீங்கக்கூடும். அலுமினியமோ மக்னீசியமோ உள்ள அசிடிட்டி மருந்து, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் இதை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடணும். சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது.

பெயர்வேண்டாம்_மதுரை:
ரிப்போர்ட்டில் 'ஏஜி/ஏபி காம்போ' என்றுதான் இருக்கிறது. ரொம்ப நன்றி. ஒன்று விட்டுவிட்டேன். மனைவி ஐந்து மாத கர்ப்பம். மூன்றாம் மாதச் செக்கப்பில் எச்.ஐ.வி டெஸ்ட் நெகட்டிவ். அந்தப் பெண்ணோடு உறவு நடந்த நாளுக்குப் பிறகு மனைவியோடு சேரவில்லை.

லேப்மேசை:
அப்படியென்றால் இந்த உறவால் உங்கள் மனைவிக்கு ஆபத்து இல்லை, இதற்காக அவருக்குத் தனி டெஸ்டும் வேண்டாம். 45ஆம் நாள் காம்போ ரிசல்ட் கைக்கு வரும்வரை இப்படியே இருங்கள், சேர்ந்தால் ஆணுறை கட்டாயம். சிபிலிஸும் குழந்தைக்குப் போகும் என்பதால் வி.டி.ஆர்.எல் 90ஆம் நாள் பார்க்கும்வரை ஆணுறையை விடவேண்டாம். இன்னும் 11 நாள். நடுவில் 38, 40 என்று போய்க் குத்திக்கொள்ளாதீர்கள், காசுதான் போகும்.

வைகைத்தென்கரை:
45க்குக் காலையிலேயே காம்போ டெஸ்டுக்குப் போய்விடு தம்பி. சாப்பிட்டுவிட்டுப் போ.